எச்சில் உங்களோடது... ரிசல்ட் யாரோடது?

இன்டர்னல்ஸ் முடிஞ்சு, மார்க் வீட்டுக்குத் தெரியறதுக்குள்ள கிடைக்கிற அந்தக் குட்டி கேப்புல இதைப் படிச்சிட்டு இருக்கீங்கன்னு நினைக்கிறேன். இந்த வார மேட்டர் கொஞ்சம் சீரியஸ். ஆனா பயப்படாதீங்க... நடுவுல சுத்தியலும் வரும், அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டரும் வரும்.

முதல்ல சுத்தியல்.

'தோர்' ஹீரோ கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்தைத் தெரியாதவங்க நம்ம ஹாஸ்டல்கள்ல இருக்க மாட்டாங்க. அவர் 2022-ல 'லிமிட்லெஸ்'னு ஒரு டி.வி. தொடர்ல வந்தார். உடம்பையும் மூளையையும் ரொம்ப நாளைக்கு நல்லா வெச்சுக்கறது எப்படிங்கறதுதான் சப்ஜெக்ட். அதுக்காக ரத்தம் எடுத்து, ஜீன் டெஸ்ட்டும் பண்ணாங்க. அதுல ஒரு ரிசல்ட்டை மட்டும் கேமரா முன்னாடி சொல்லாம, முதல்ல தனியாச் சொன்னாங்க. அல்சைமர்ங்கற மறதி நோய்க்கான ரிஸ்க்கை ஏத்திவிடற 'அபோ-ஈ 4'ங்கற ஜீன் வகை அவர்கிட்ட ஒண்ணு இல்ல... ரெண்டு இருக்கு!

உடனே 'தோருக்கு அல்சைமராம்!'ங்கற ரேஞ்சுக்குப் பேச்சு கிளம்பிடுச்சு. 'இது நோய் இல்லப்பா, ரிஸ்க்தான்'னு அவரே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாரும் அவரைப் பத்தியே பேசிட்டு இருந்தப்போ, எனக்கு வேற ஒரு கணக்கு ஓடுச்சு. ஒவ்வொரு ஜீனும் நம்மகிட்ட ரெண்டு காப்பி இருக்கும். ஒண்ணு அம்மா தந்தது, ஒண்ணு அப்பா தந்தது. ஹெம்ஸ்வொர்த்துகிட்ட ரெண்டுமே 4-ன்னா என்ன அர்த்தம்? அவங்க அம்மாகிட்ட ஒரு 4 கண்டிப்பா இருக்கு. அப்பாகிட்டயும் ஒரு 4 கண்டிப்பா இருக்கு. அவரோட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு 4 கண்டிப்பாப் போயிருக்கு. கையை நீட்டி ரத்தம் கொடுத்தது ஒரே ஒரு ஆள். ஆனா ரிசல்ட் வந்தது மூணு தலைமுறைக்கு!

2025-ல வந்த இன்னொரு ஆவணப்படத்துல, அல்சைமரோட ஆரம்பக் கட்டத்துல இருக்கற தன் அப்பாவைக் கூட்டிக்கிட்டு அவர் பழைய ஊர்களுக்கெல்லாம் போறார். அந்தப் பயணம் வேற கதை. நாம இந்த மூணு தலைமுறைக் கணக்கைப் பார்ப்போம். ஏன்னா எச்சில் துப்பி அனுப்பினா ஜீன் ரிப்போர்ட் வர்ற கிட் இப்போ கிஃப்ட் பொருளாவே ஆயிடுச்சு. எனக்கும் ஒண்ணு வந்திருக்கு. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

299 மணி கோத்த மாலை

பயாலஜி குரூப் மக்கள் மன்னிக்கணும், இது கம்ப்யூட்டர் சயின்ஸ் மூளைக்கு எட்டின விளக்கம்.

அபோ-ஈ ஜீன் நம்மளோட 19-வது குரோமோசோம்ல இருக்கு. அது செய்யச் சொல்ற புரதத்தோட வேலை, கொழுப்பைச் சுமந்துட்டுப் போய்ச் சேர்க்கறது. மூளைக்குள்ளயும் அந்த டெலிவரி வேலையை அதுதான் பார்க்குது. அந்தப் புரதம் 299 மணி கோத்த மாலை மாதிரி. உலகத்துல பெரும்பாலானவங்ககிட்ட இருக்கறது 3-ம் நம்பர் மாலை. அதுல 112-வது மணி மட்டும் வேறயா இருந்தா அது 4. 158-வது மணி வேறயா இருந்தா அது 2. அவ்வளவுதான் வித்தியாசம். 299-ல ஒண்ணு!

அந்த ஒரு மணிக்கு இவ்வளவு மவுசு வந்தது 1993-ல. அமெரிக்காவோட டியூக் யுனிவர்சிட்டியில ஆலன் ரோஸஸ்ங்கறவரோட குழுதான் 4-க்கும் அல்சைமருக்கும் இருக்கற தொடர்பைக் கண்டுபிடிச்சது. ஐரோப்பிய வம்சாவளி மக்களை வெச்சுப் போட்ட கணக்குப்படி, ஒரு 4 இருந்தா ரிஸ்க் சுமார் 3 மடங்கு. ரெண்டு 4 இருந்தா 8-லேர்ந்து 12 மடங்கு வரைக்கும். 2-ம் நம்பர் இருந்தா ரிஸ்க் குறையுது.

'மடங்கு'ன்னு கேட்டதும் வயித்தைப் பிசையுதுல்ல? கொஞ்சம் நில்லுங்க. அந்த மக்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர்கிட்ட ஒரு 4-ஆவது இருக்கு. அவங்க எல்லாருக்கும் அல்சைமர் வந்துடறதில்ல. இன்னொரு பக்கம், 4-ங்கற வாடையே இல்லாத எத்தனையோ பேருக்கு அல்சைமர் வந்திருக்கு. 4 இருந்தாத்தான் வரும்னும் இல்ல, இருந்தா வந்தே தீரும்னும் இல்ல. மழைக்காலத்துல மேகம் கறுத்தா மழை வர வாய்ப்பு அதிகம். ஆனா கறுத்த மேகம் எல்லாம் பெய்யறதில்ல, இல்லியா?

ரெண்டு 4 இருக்கறவங்க விஷயத்துல மட்டும் இப்போ விவாதம் சூடா இருக்கு. 2024-ல பார்சிலோனா ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வுல, 65 வயசுக்குள்ள அவங்கள்ல 100-க்கு 95 பேருக்கு மேல, அமிலாய்டுங்கற புரதம் மூளையில சேர்றதுக்கான அறிகுறி தண்டுவட நீர்ல தெரிஞ்சது. அமிலாய்டு சேர்றது வேற, ஞாபகம் போறது வேற. இருந்தாலும் இதை லேசா எடுத்துக்க முடியாது. அந்தக் குரூப் ரொம்பச் சின்னது, 100-ல ரெண்டு பேர்.

அபோ-ஈ தனி ஆள் கிடையாது. 2022-ல வந்த ஒரு பெரிய ஆய்வு, அல்சைமர் ரிஸ்க்கோட சம்பந்தப்பட்ட இடங்களை டி.என்.ஏ.வுல 75 எண்ணிச்சு. ஆனா இந்த வகை அல்சைமர்ல, பரவலா இருக்கற ஜீன்கள்ல ரொம்ப வெயிட்டான ஆள் அபோ-ஈ 4-தான்.

தீர்ப்பு எழுதற ஜீன்

இதுவரைக்கும் பார்த்தது தராசைக் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்க்கிற ஜீன். தீர்ப்பே எழுதற மாதிரி ஜீன்களும் இருக்கு. அவை மூணு. ஏ.பி.பி., ப்ரிசெனிலின்-1, ப்ரிசெனிலின்-2. இதுல சில குறிப்பிட்ட பிழைகள் இருந்தா, ஒரே ஒரு காப்பி போதும். 30, 40, 50 வயசுலயே நோய் வந்துடும். பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையாதான். உலகத்துல இருக்கற அல்சைமர் நோயாளிகள்ல இவங்க 100-க்கு ஒருத்தருக்கும் கீழ. இந்த ரெண்டு வகையையும் போட்டுக் குழப்பிக்கறதுதான் நம்ம பயத்துல பாதிக்குக் காரணம்.

தென் அமெரிக்காவுல கொலம்பியா. அங்க அன்டியோக்கியாங்கற மலைப் பகுதி. அங்கே சுமார் 6,000 பேர் கொண்ட ஒரு பெரிய சொந்தக் கூட்டத்துல, ப்ரிசெனிலின்-1 பிழை தலைமுறை தலைமுறையா இறங்கிட்டு வருது. 40 வயசைத் தாண்டினதும் ஞாபகம் தடுமாற ஆரம்பிக்கும். அந்த ஊர்ல இதுக்கு 'பைத்தாரத்தனம்'ங்கற மாதிரி ஒரு பேரே வெச்சிருந்தாங்க. பிரான்சிஸ்கோ லொபேராங்கற நரம்பியல் டாக்டர் 1980-கள்ல ஆரம்பிச்சு, 2024-ல இறந்து போற வரைக்கும் அந்தக் குடும்பங்களுக்காகவே உழைச்சார்.

அந்தக் கூட்டத்துல ஒரு அம்மா. பிழை இருக்கு. சொந்தக்காரங்களுக்கு 40-களில் வந்த தடுமாற்றம், அவங்களுக்கு 70 வயசைத் தாண்டற வரைக்கும் வரவே இல்ல! மூளையை ஸ்கேன் பண்ணா அமிலாய்டு குவிஞ்சு கிடக்கு. ஆனாலும் ஞாபகம் நிக்குது. எப்படி?

2019-ல ஒரு விடை வெளியாச்சு. அவங்ககிட்ட 'கிரைஸ்ட்சர்ச்'ங்கற இன்னொரு அபூர்வ மாற்றம் ரெண்டு காப்பி இருந்தது. அது இருந்த இடம் எது தெரியுமா? அபோ-ஈ ஜீன்! அதே 299 மணி மாலை. இந்த முறை மாறியிருந்தது 136-வது மணி. 112-ல மாறினா பயமுறுத்தற அதே ஜீன், 136-ல மாறினப்போ தீர்ப்பையே 30 வருஷத்துக்குத் தள்ளி வெச்ச மாதிரி இருந்தது. ஒரே ஒரு காப்பி இருந்த 27 பேரையும் பார்த்தாங்க. அவங்களுக்கும் நோய் சுமார் 5 வருஷம் தள்ளி வந்ததுன்னு 2024-ல வெளியாச்சு. அந்தக் குடும்பங்கள் ரத்தமும், இறந்த பிறகு மூளையும் கொடுத்ததாலதான் இதெல்லாம் உலகத்துக்கே தெரிஞ்சது. இதே தடத்துல மருந்து தேடற வேலையும் நடக்குது.

தீர்ப்புன்னு நினைச்ச ஜீனுக்கே மேல்முறையீடு உண்டுன்னு அந்த அம்மா மூலமாத்தான் தெரிஞ்சது. அப்போ வெறும் ரிஸ்க் ஜீனை ஜாதகக் கட்டம் மாதிரி தூக்கிட்டு அலையலாமா?

அட்டென்டன்ஸ்ல ஒயிட்னர்

'சரி பாஸ், எனக்குத் தெரியவே வேண்டாம், மூடி வெச்சிடறேன்'னு சொல்றீங்களா? டி.என்.ஏ.வோட இரட்டைச் சுருள் வடிவத்தை 1953-ல பிரான்சிஸ் கிரிக்கோட சேர்ந்து சொன்ன, 1962-ல நோபல் வாங்கின ஜேம்ஸ் வாட்சனும் அதைத்தான் சொன்னார்.

2007-ல அவரோட முழு டி.என்.ஏ.வையும் படிச்சு, எல்லாரும் பார்க்கற மாதிரி வெளியிட முடிவு பண்ணாங்க. வாட்சன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். 'அபோ-ஈ மட்டும் வேண்டாம். எனக்கும் சொல்லாதீங்க, ஊருக்கும் சொல்லாதீங்க.' அவரோட பாட்டி அல்சைமர்ல இறந்தவங்க. ஜீனோட வடிவத்தையே உலகத்துக்குச் சொன்ன மனுஷன், தன்னோட ஒரு ஜீனைப் பார்க்க மாட்டேன்னுட்டார்.

அந்த ஒரு ஜீனை மட்டும் அழிச்சிட்டு மிச்சத்தை வெளியிட்டாங்க. இங்கேதான் அட்டென்டன்ஸ் வருது. உங்க கிளாஸ் கடைசி பெஞ்ச்ல மூணு பேர் எப்பவும் சேர்ந்தேதான் கட் அடிப்பாங்கன்னு வெச்சுக்கோங்க. ரெஜிஸ்டர்ல ஒருத்தன் பேர்ல மட்டும் ஒயிட்னர் தடவியாச்சு. மத்த ரெண்டு பேரும் ஆப்சென்ட். அப்போ மூணாவது ஆள் எங்கேன்னு ஹெச்.ஓ.டி.க்குத் தெரியாமலா போகும்? டி.என்.ஏ.வுலயும் பக்கத்துப் பக்கத்துல இருக்கற எழுத்துக்கள் சேர்ந்தேதான் தலைமுறை தாண்டி வரும். பக்கத்து எழுத்தைப் பார்த்து அழிச்ச எழுத்தைக் கணிச்சுடலாம். 2008-ல ஆராய்ச்சியாளர்கள் சிலர் இதைச் சுட்டிக்காட்டினாங்க. ஆனா கண்ணியமா, வாட்சனோட விடையை வெளியிடல. அதுக்கப்புறம் அந்த ஜீனைச் சுத்தி இருந்த சுமார் 20 லட்சம் எழுத்துக்களையும் சேர்த்து மறைச்சாங்க. வாட்சன் 2025 நவம்பர்ல, 97 வயசுல இறந்தார்.

இன்னொரு உதாரணமும் இருக்கு. 23-அண்ட்-மீ, எச்சில் டெஸ்ட்டுல பெரிய பேர் வாங்கின அமெரிக்க கம்பெனி. 2023-ல ஹேக்கர்கள் அதுல நேரடியா நுழைஞ்சது சுமார் 14,000 அக்கவுன்ட்டுலதான். ஆனா 'உங்க சொந்தக்காரங்க யாருன்னு பாருங்க'ங்கற வசதி வழியா அவங்க கைக்குப் போனது சுமார் 69 லட்சம் பேரோட விவரம்! 2025 மார்ச்ல அந்தக் கம்பெனி திவால் மனுவும் கொடுத்தது. பாஸ்வேர்டு போச்சுன்னா மாத்திக்கலாம். டி.என்.ஏ. போச்சுன்னா?

ஆக, ஜீன்ங்கறது தனி அக்கவுன்ட் கிடையாது மக்களே. ஜாயின்ட் அக்கவுன்ட். நீங்க பாஸ்புக் என்ட்ரி போட்டா, வீட்டுல எல்லாரோட பேலன்ஸும் கொஞ்சம் கொஞ்சம் வெளிய தெரியும்.

எங்க வீட்டு ஜாயின்ட் அக்கவுன்ட்

இப்போ அந்த கிட் கதை. திருநெல்வேலியில எங்க ஆச்சிக்கு, அதாவது அம்மாவோட அம்மாவுக்கு, 76 வயசுல அல்சைமர்னு டாக்டர் சொன்னார். லீவுல போனா ஒரு மணி நேரத்துல நாலு தடவை "சாப்ட்டியால?"னு கேப்பாங்க. நாலு தடவையும் அதே பாசம்தான். எங்க அம்மாவை சில நாள், இறந்துபோன அவங்க தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. அம்மா அதுக்கும் "என்னம்மா"ன்னு போய் நிப்பாங்க.

ஆச்சியைவிட என்னைப் பயமுறுத்தினது அம்மாதான். கடையிலேர்ந்து வந்ததும், வாங்கின சாமான் எல்லாத்தையும் ஒரு பழைய காலண்டர் தாளோட பின்பக்கம் மனப்பாடமா எழுதுவாங்க. அப்புறம் பில்லை எடுத்து ஒவ்வொண்ணா டிக் அடிப்பாங்க. சீரகம் விட்டுப்போச்சுன்னா அன்னிக்கு முழுக்க முகம் தொங்கிடும். தனக்குத்தானே டெஸ்ட் வெச்சுக்கறாங்க!

பொங்கலுக்கு அமெரிக்காவுலேர்ந்து வந்த பெரியம்மா பையன், எனக்கும் சேர்த்து ரெண்டு கிட் வாங்கிட்டு வந்தான். "துப்புடா, ஒரு மாசத்துல தெரிஞ்சிடும்"னான். எனக்கு வயசு 20. துப்பறது கஷ்டம் இல்ல. அண்ணனை உட்கார வெச்சு, ரஃப் நோட்டுல கணக்குப் போட்டேன். எனக்கு ரெண்டு 4 வந்தா, அம்மாகிட்ட ஒரு 4 நிச்சயம். ஒரு 4 வந்தா, அது அம்மாகிட்டேர்ந்தா அப்பாகிட்டேர்ந்தாங்கற கேள்வி வீட்டு நடுக்கூடத்துல வந்து உட்கார்ந்துடும். எதுவுமே இல்லன்னு வந்தா? அம்மா எனக்குக் கொடுத்த காப்பி 4 இல்ல, அவ்வளவுதான். கொடுக்காத அந்த இன்னொரு காப்பி என்னன்னு எனக்குத் தெரியாது. ஆக, நல்ல ரிசல்ட் அம்மாவுக்கு முழு நிம்மதி தராது. கெட்ட ரிசல்ட் மட்டும் முழுசாப் போய்ச் சேரும். என்ன மாதிரி கணக்கு பாருங்க!

அதனால அம்மாகிட்டயே கேட்டேன். பூண்டு உரிச்சிட்டு இருந்தாங்க.

"அம்மா, நான் பாத்தா உனக்கும் சேத்துப் பாத்த மாதிரி ஆயிரும். பாக்கட்டுமா?"

"இருக்குன்னு வந்தா என்னல செய்யணும்?"

"பிரஷர் மாத்திரையை விடாமப் போடணும். தினம் நடக்கணும். காது சரியாக் கேக்கலன்னா டாக்டர்ட்ட காட்டணும்."

"இல்லன்னு வந்தா?"

"அதேதாம்மா."

"ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணுன்னா, நடுவுல அந்தச் சீட்டு எதுக்கு?"

நாலு வருஷ இன்ஜினீயரிங்ல இவ்வளவு தெளிவா ஒரு டெசிஷன் டேபிளை யாரும் எனக்குப் போட்டுக் காட்டினதில்ல. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே சொன்னாங்க. "உனக்குத் தெரியணும்னா பாத்துக்கோ. எங்கிட்ட மட்டும் சொல்லாத."

சொல்லாம இருந்துடலாம். ஆனா எங்க அம்மாவுக்கு என் முகம்தான் மார்க் ஷீட். செமஸ்டர் ரிசல்ட்டையே வாசப்படியில பார்த்துக் கண்டுபிடிக்கறவங்க. அதனால இப்போதைக்கு வேண்டாம்னு முடிவு பண்ணேன். அண்ணனும் பெரியம்மாகிட்ட பேசிட்டுத்தான்னு சொல்லிட்டான்.

தெரிஞ்சா என்ன ஆகும்?

இது என் முடிவு. உங்க முடிவு வேறயா இருக்கலாம், தப்பே இல்ல. தெரிஞ்சுக்கறவங்க எல்லாம் உடைஞ்சு போயிடறாங்கன்னும் சொல்ல முடியாது. அல்சைமர் வந்தவங்களோட பிள்ளைகள் 162 பேரை வெச்சு அமெரிக்காவுல ஒரு ஆய்வு நடத்தினாங்க. சிலருக்கு அபோ-ஈ ரிசல்ட் சொன்னாங்க, சிலருக்குச் சொல்லல. 2009-ல வெளியான முடிவுப்படி, ரிசல்ட் தெரிஞ்சவங்ககிட்ட பதற்றமோ மனச்சோர்வோ பெரிசா கூடல. ஆனா அவங்களுக்கு ரிசல்ட்டைச் சொன்னது முறையான ஆலோசனையோட. மெயில்ல வந்து விழற பி.டி.எஃப். மாதிரி இல்ல.

இன்னொரு ஆய்வு கொஞ்சம் உறுத்தும். 2014-ல வந்தது. 4 இருக்கற வயசானவங்க, ஆனா நோய் இல்லாதவங்க. அவங்கள்ல ரெண்டு குரூப். ஒரு குரூப்புக்கு 4 இருக்குன்னு தெரியும், இன்னொரு குரூப்புக்குத் தெரியாது. ஞாபகசக்தி டெஸ்ட் வெச்சா, தெரிஞ்சவங்க தெரியாதவங்களைவிட மோசமா செஞ்சாங்க. தங்களோட ஞாபகத்தையும் மட்டமா மதிப்பிட்டாங்க. ஜீன் ஒண்ணுதான். தெரிஞ்சுக்கிட்டதுதான் வித்தியாசம்! அம்மாவோட காலண்டர் தாளை நினைச்சா, இது எனக்கு நல்லாவே புரியுது.

அப்புறம், அந்த '3 மடங்கு, 12 மடங்கு' எல்லாம் நமக்கு அப்படியே பொருந்துமா? நைஜீரியாவோட இபாதான் நகரத்துல யொரூபா மக்களைப் பல வருஷம் கவனிச்சாங்க. அங்கே 4 இருந்தாலும், அதோட பாதிப்பு வெள்ளைக்காரர்கள்கிட்ட பார்த்த அளவுக்கு இல்ல. நம்ம நாட்டுல ஹரியானாவோட பல்லப்கர் கிராமங்களையும் அமெரிக்காவோட பென்சில்வேனியாவுல ஒரு பகுதியையும் ஒப்பிட்ட ஆய்வு 2000-ல வெளியாச்சு. பல்லப்கர்ல 4 இருக்கறவங்க குறைவு. ஆனா இருந்தவங்களுக்கு நோயோட தொடர்பு அமெரிக்காவுல மாதிரியே இருந்தது. ஒவ்வொரு மண்ணுலயும் கணக்கு ஒவ்வொரு மாதிரி வருது. வேற ஊர் சிலபஸ்ல போட்ட மார்க்கை வெச்சு நம்ம ரேங்க்கை முடிவு பண்ண முடியாது.

அப்போ டெஸ்ட்டே வீணா? அப்படி இல்ல. ரெண்டு இடத்துல அதுக்கு உண்மையான வேலை இருக்கு. ஒண்ணு, உங்க குடும்பத்துல தலைமுறைக்குத் தலைமுறை 60 வயசுக்கு முன்னாடியே இது வந்திருந்தா. அது தீர்ப்பு ஜீனாக்கூட இருக்கலாம். நேரா நரம்பியல் டாக்டரையும் மரபணு ஆலோசகரையும் பாருங்க. எச்சில் கிட் அதுக்கு இல்ல. ரெண்டு, ஆரம்பக் கட்ட நோயாளிக்கு லெகனெமாப் மாதிரி புது மருந்து கொடுக்கும்போது. 2023-ல அமெரிக்காவுல முழு அனுமதி வாங்கின அந்த மருந்து, ரெண்டு 4 இருக்கறவங்களுக்கு மூளையில வீக்கமும் ரத்தக்கசிவும் வர்ற ஆபத்தைக் கூட்டும். அதனால கொடுக்கறதுக்கு முன்னாடி அபோ-ஈ பார்க்கச் சொல்றாங்க. அங்கே சீட்டுல என்ன வருதோ, அதுக்கேத்த மாதிரி வைத்தியமே மாறும். எங்க அம்மா கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருக்கு.

நம்ம கையில இருக்கற லிஸ்ட்

இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம்னு 2023-ல வெளியான தேசிய அளவு ஆய்வு சொல்லுது. அதாவது 7.4 சதவிகிதம். டிமென்ஷியாங்கறது பொதுப் பேரு, அதுல பெரிய பங்கு அல்சைமருக்கு.

ஜீனை மாத்த முடியாது. ஆனா 2024-ல லான்செட் கமிஷன், மாத்தக்கூடிய ரிஸ்க் 14-ஐ லிஸ்ட் போட்டது. அதையெல்லாம் சரி பண்ண முடிஞ்சா, உலகத்துல வர்ற டிமென்ஷியாவுல ஏறக்குறைய 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்குன்னு கணக்கு. இது ஊர் மொத்தத்துக்குமான கணக்கு, தனி ஆளுக்கு கேரன்ட்டி இல்ல. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, மது, உடற்பயிற்சி இல்லாதது, மனச்சோர்வு, தனிமை, காத்து மாசு, காது கேட்காதது, கண் தெரியாதது, தலையில அடி, சின்ன வயசுல படிப்பு குறைஞ்சது... இதான் அந்த 14.

இதுல நம்ம வயசுக்காரங்களுக்கு எத்தனை இருக்குன்னு பாருங்க. பைக் ஹேண்டில்ல தொங்குற ஹெல்மெட் தலையில இருக்கணும். இயர்போன் சவுண்டை ரெண்டு பாயின்ட் குறைக்கலாம். டீக்கடை ஓரத்துல ஆரம்பிச்ச சிகரெட்டை அங்கேயே விட்டுடலாம். ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு யார்கூடவும் பேசாம கிடக்கற நண்பன் கதவைத் தட்டலாம். அப்புறம், படிப்பும் லிஸ்ட்ல இருக்கு. அரியர் வெச்சிருக்கறவங்க கவனிக்க!

இதையும் மீறி கிட் வாங்கத் தோணுதா? வாங்குங்க. ஆனா மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி. நான் தேடறது தீர்ப்பு ஜீனா, ரிஸ்க் ஜீனா? ரிசல்ட் எப்படி வந்தாலும் நான் செய்யப் போறது மாறுமா? என்னோட சேர்த்து வேற யாருக்கெல்லாம் ரிசல்ட் வருது, அவங்ககிட்ட கேட்டாச்சா?

மூணாவது கேள்விக்கு ஆன்லைன்ல பதில் கிடைக்காது. இந்த வாரம் ஊருக்குப் போறவங்க, அம்மா பக்கத்துல உட்கார்ந்து பூண்டு உரிச்சிக்கிட்டே கேளுங்க. போறப்போ அப்படியே அவங்க பி.பி.யையும் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. அதுக்கு எச்சில் வேண்டாம், ஒரு மாசம் காத்திருக்கவும் வேண்டாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்... ஹெல்மெட்டோட!